கடலோடி மகள் மேரி பிரையண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட மேரி பிரையண்ட் என்ற பெண்ணைப் பற்றி ஒருநாள் பேசினேன். அரை மணி நேரம் என்றுதான் நினைத்தேன். கேள்விகள் முடியும்போது இருட்டிவிட்டது. அதற்குப் பிறகும் சந்தையில், கோயில் வாசலில், தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

யார் இந்த மேரி?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கோர்ன்வால் என்றொரு கரையோரப் பகுதி. அங்கே ஃபோவி என்ற சிறு துறைமுக ஊர். கடலோடியான வில்லியம் பிராட் என்பவருக்கும் கிரேஸ் என்பவருக்கும் மகளாகப் பிறந்தவர் மேரி. 1765 மே 1இல் ஞானஸ்நானம் பெற்றதாகத் தேவாலயப் பதிவு சொல்கிறது. வில்லியம் பிரையண்ட் என்பவரை மணந்த பிறகுதான் பிரையண்ட் என்ற பெயர் வந்தது.

பிளிமத் ஊருக்கு அருகே வேறு இரண்டு பெண்களோடு சேர்ந்து, ஆக்னஸ் லேக்மன் என்ற பெண்ணை வழிமறித்து அவருடைய பட்டுத் தொப்பியையும் வேறு சில பொருள்களையும் பறித்தார் என்பது மேரி மீதான வழக்கு. 1786 மார்ச் 20இல் எக்செற்றர் நகரில் தீர்ப்புச் சொன்னார்கள். தூக்குத் தண்டனை. பிறகு அதை ஏழு ஆண்டு நாடு கடத்தலாகக் குறைத்தார்கள். அப்போது மேரிக்கு இருபது, இருபத்தொரு வயது.

ஒரு தொப்பிக்காகவா தூக்கு?

ஆம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் 200க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் இருந்தது. வழிப்பறியும் அவற்றில் ஒன்று. எல்லோரையும் தூக்கில் போட்டுவிடவில்லை; பலருடைய தண்டனையை நாடு கடத்தலாக மாற்றுவார்கள். முன்பெல்லாம் அப்படிப்பட்டவர்களை அமெரிக்காவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். அமெரிக்கா சுதந்திரப் போரில் இறங்கியதும் அந்த வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பி வழிந்தன. ஓட்டத்துக்கு உதவாத பழைய கப்பல்களைத் துறைமுகங்களில் கட்டி வைத்து அவற்றுக்குள் கைதிகளை அடைத்தார்கள். பிளிமத்தில் நின்ற டன்கெர்க் என்ற அப்படியொரு கப்பலில்தான் மேரி மாதக்கணக்கில் கிடந்தார். 1786 ஆகஸ்டில் அரசாங்கம் அவுஸ்திரேலியாவின் பொட்டனி விரிகுடாவைத் தேர்ந்தெடுத்தது.

பழைய ஆட்கள் ‘தீவாந்தர சிட்சை’ என்பார்களே, அதுதானா இது?

அதேதான். நம்மவர்களுக்குத் தீவாந்தரம் என்றால் உடனே அந்தமான் ஞாபகம் வரும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1858இல் ஆங்கிலேயர் அங்கே கைதிக் குடியிருப்பை அமைத்தார்கள். பெண் கைதிகளையும் அனுப்பினார்கள். இலங்கையிலும் இது புதிதல்ல. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை அரசிகளோடு 1816இல் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். கண்டிப் பிரதானி எகலப்பொலையை மொரீசியஸுக்கு அனுப்பினார்கள். அதற்கும் முன்னால் ஒல்லாந்தர் தங்களுக்குப் பிடிக்காத யாவா அரச குடும்பத்தவரை இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். ஒருவருடைய தாய்மண் இன்னொருவருக்குச் சிறையாக இருந்திருக்கிறது. பொட்டனி விரிகுடாவும் சிட்னியும் வெறும் நிலம் அல்ல. கடிகல் போன்ற ஆதிக்குடிகள் காலங்காலமாக வாழ்ந்த இடம். கைதிக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த அடுத்த ஆண்டே, 1789இல், அம்மை நோய் பரவி அந்த மக்களில் பெருந்தொகையானோர் மாண்டுபோனார்கள். மேரிக்காக வருந்தும்போது இதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

கப்பலிலேயே குழந்தை பிறந்ததாமே. அது யாருடைய பிள்ளை?

இந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார்கள். நான் சத்தமாகவே பதில் சொல்கிறேன். கைதிகளைக் கொண்டுபோன முதல் கப்பல் தொகுதி 1787 மே 13இல் புறப்பட்டது. பதினொரு கப்பல்கள். மேரி ஏற்றப்பட்ட கப்பலின் பெயர் சார்லட். செப்டம்பரில், நடுக்கடலில், பெண் குழந்தை பிறந்தது. கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார். சார்லட் ஸ்பென்ஸ் என்று பதிவாகியிருக்கிறது.

இப்போது மாதக்கணக்கை எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளை வயிற்றில் தங்கியபோது மேரி டன்கெர்க் கப்பலில் பூட்டப்பட்டிருந்த கைதி. சுற்றிலும் காவலர்கள், கைதிகள். சோறு, தண்ணீர், வெளிச்சம் எல்லாம் அடுத்தவர் கையில். அந்த நிலையில் இருந்த பெண்ணிடம் ஒழுக்கம் பற்றி விசாரிக்க நமக்கு வாய் வரக்கூடாது.

அங்கே போய் என்ன வேலை செய்தார்கள்?

முதல் தொகுதியில் ஏறத்தாழ 190 பெண் கைதிகள். ஆண் கைதிகள் அதைப்போல மூன்று மடங்கு. 1788 ஜனவரி 26இல் சிட்னித் துறையில் இறங்கினார்கள். பெண்களைச் சில நாள் கழித்தே கரைக்கு விட்டார்கள். ஆண்களுக்கு மரம் வெட்ட, கல் உடைக்க, கொத்து வேலை செய்ய என்று திட்டம் இருந்தது. பெண்களுக்கென்று தெளிவான திட்டம் எதுவும் இல்லை. குடியேற்றத்தில் ஆண்களுக்குத் துணை வேண்டும் என்பதுதான் அவர்களை அனுப்பியதன் பெரிய நோக்கம். தையல், சலவை, வீட்டு வேலை பார்த்தார்கள். கட்டடம் கட்டச் சுண்ணாம்பு இல்லாததால் கரையோரமாகச் சிப்பி பொறுக்கினார்கள். சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதை நம் கரையோர ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதுகு என்ன பாடுபடும் என்பதையும்தான்.

பசிதான் எல்லாவற்றிலும் பெரியது. 1790 ஏப்ரலில் ஒரு வாரத்துக்கு ஓர் ஆளுக்குக் கொடுத்தது 2 இறாத்தல் உப்புப் பன்றியிறைச்சி, இரண்டரை இறாத்தல் மா, 2 இறாத்தல் அரிசி. ஏழு நாளுக்கு. அரிசியோ புழு நெளியும் அரிசி. அதே மாதத்தில்தான் மேரியின் இரண்டாவது பிள்ளை இமானுவேலுக்கு ஞானஸ்நானம் நடந்தது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் இந்தப் பங்கீட்டில் எப்படி இருந்திருப்பார்? எனக்கு அந்த வரியைத் தாண்டிப் படிக்க நேரமெடுத்தது.

கணவர் வில்லியம் எப்படிப்பட்டவர்?

அவரும் கோர்ன்வால் மீனவர், அவரும் கைதி. 1788 பெப்ரவரி 10இல் அங்கே ஒரே நாளில் ஐந்து சோடிகளுக்குக் கல்யாணம் நடந்தது. அதில் ஒரு சோடி இவர்கள். தொழில் தெரிந்தவர் என்பதால் குடியேற்றத்தின் மீன்பிடி வள்ளங்களை வில்லியமிடம் ஒப்படைத்தார்கள். தனிக் குடிசையும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து, பிடித்த மீனில் கொஞ்சத்தை ஒளித்து விற்றார் என்று நூறு சவுக்கடி. குடிசையையும் பறித்தார்கள். ஆனால் மீன் பிடிக்க வேறு ஆள் இல்லாததால் வலையை மட்டும் பறிக்கவில்லை.

நல்லவரா என்றால், ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். இந்தக் கல்யாணம் இங்கிலாந்தில் செல்லாது என்று அவர் பேசித் திரிந்ததாக அங்கிருந்த அதிகாரி ஒருவர் குறித்திருக்கிறார். வில்லியமுக்கு 1784இல் விதித்த ஏழு ஆண்டு 1791 மார்ச்சில் முடிகிறது. மேரிக்கு இன்னும் இரண்டு ஆண்டு மீதி. அவர் மட்டும் கப்பலேறிப் போயிருந்தால் மேரியும் இரண்டு குழந்தைகளும் அந்தக் கரையில் தனித்து நின்றிருப்பார்கள். தப்பிக்கும் திட்டம் யாருடைய தலையில் முதலில் உதித்தது என்று கேட்பவர்கள் இதையும் யோசியுங்கள்.

எப்படித் தப்பினார்கள்?

1790 டிசம்பரில் பத்தேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, ஓர் ஒல்லாந்தக் கப்பல் சிட்னிக்குச் சாமான் கொண்டு வந்தது. அதன் தலைவர் டெட்மர் ஸ்மித்திடமிருந்து திசைகாட்டி, சூரியனின் உயரம் அளக்கும் கருவி, கடல் வரைபடம், துப்பாக்கிகள் ஆகியவற்றை வில்லியம் வாங்கிவிட்டார். அந்தக் கப்பல் திரும்பிப் போன நாளிலேயே, 1791 மார்ச் 28 இரவு, ஆளுநருடைய ஆறு தண்டு வள்ளத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். துரத்திப் பிடிக்கத்தக்க கப்பல் ஒன்றும் அன்று துறையில் இல்லை. நாளைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை.

பதினொரு பேர். வில்லியம், மேரி, மூன்றரை வயது சார்லட், ஒரு வயது இமானுவேல், இன்னும் ஏழு ஆண் கைதிகள். வள்ளத்தில் இருந்தது ஏறத்தாழ ஓர் அந்தர் மா, ஓர் அந்தர் அரிசி, 14 இறாத்தல் பன்றியிறைச்சி, எட்டுக் கலன் தண்ணீர். எட்டுக் கலன் என்றால் முப்பத்தைந்து லீற்றர் சொச்சம். வழியில் கரை தட்டித் தண்ணீர் எடுத்தால்தான் உயிர்.

அந்த ஏழு பேரில் ஜேம்ஸ் மார்ட்டின் என்பவர் பிற்பாடு எழுதிய குறிப்பு இன்றும் இலண்டனில் இருக்கிறது. அதிலிருந்துதான் பயணம் நமக்குத் தெரியும். வள்ளம் ஒழுகியது. பலகை இடுக்குகளில் சவர்க்காரத்தை வைத்து அடைத்தார்கள். காற்று கரைக்கு வர விடாமல் நாட்கணக்கில் வெளியே தள்ளியது. அலை ஏறி வள்ளம் நிரம்பியபோது உடுபுடவைகளைக்கூடக் கடலில் வீசிவிட்டு, இரவு பகலாகத் தண்ணீர் இறைத்தார்கள். வடக்கே பவளப்பாறைத் தீவுகளில் கடலாமை பிடித்து, இறைச்சியை வாட்டி வழிக்கு எடுத்துக்கொண்டார்கள். சில கரைகளில் ஆதிக்குடிகள் அமைதியாக விட்டார்கள், சில இடங்களில் துரத்தினார்கள். கார்ப்பென்ட்டேரியா வளைகுடாப் பக்கம் பாய் விரித்த பெரிய தோணிகளில் வந்து விரட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து கரையை விட்டு, வளைகுடாவை நாலரை நாளில் நேரே வெட்டிக் கடந்தார்கள்.

1791 ஜூன் 5இல் தீமோர் தீவின் குபாங் துறையை அடைந்தார்கள். அறுபத்தொன்பது நாள், 3,254 மைல். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல். திருகோணமலையிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம். அதைப்போலப் பத்து மடங்கு. ஒருவர்கூடச் சாகவில்லை. இரண்டு குழந்தைகளும் உயிரோடு இறங்கினார்கள்.

நிலாவெளிப் பக்கம் நாற்பது வருடம் தொழில் செய்த பெரியவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். இறுதிவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “பிள்ளையளுக்குத் தண்ணி எப்பிடிப் பங்கிட்டவை?” கடல் தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது.

கைக்குழந்தைகளை அப்படிக் கடலுக்குக் கொண்டுபோகலாமா? அது ஒரு தாய் செய்கிற வேலையா?

இதைக் கேட்காத கூட்டமே இல்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

1990இல் எங்கள் குடும்பம் ஊரை விட்டு ஓடியது. காட்டு வழியாக மன்னார் போய், அங்கிருந்து இரவில் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் சேர்ந்தோம். தம்பிக்கு அப்போது எட்டு மாதம். அவன் அழுதால் சத்தம் கேட்டுவிடும் என்று அம்மா முந்தானைக்குள் வைத்துப் பால் கொடுத்தபடியே இருந்தார். குளிர்ந்த தண்ணீர் இடுப்புவரை ஏறி நின்றது. பிள்ளையை ஏன் கொண்டுபோனாய் என்று அம்மாவை யாரும் கேட்கவில்லை. விட்டுவிட்டு வந்திருந்தால்தான் கேட்டிருப்பார்கள். அது ஓர் இரவு. மேரிக்கு அறுபத்தொன்பது.

சிட்னியில் இருந்திருந்தால் பிள்ளைகள் பத்திரமாக இருந்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் நாம் கேட்கிறோம். அங்கே இருந்தது மேலே சொன்ன பங்கீடு. 1790 ஜூனில் வந்த இரண்டாவது கப்பல் தொகுதியிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை நோயாளிகளாகவும் பிணங்களாகவும் இறக்கியதை மேரி கண்ணால் பார்த்தவர். கடலைவிடக் கரை பயமாக இருக்கும்போதுதான் ஒரு தாய் பிள்ளையோடு வள்ளத்தில் கால் வைப்பாள். இதை நம்மூரில் சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம்.

இதற்கும் திருகோணமலைக்கும் ஏதாவது தொடர்பு?

மேரி இங்கே வந்ததில்லை. ஆனால் 1791இல் குபாங், பத்தேவியா, நன்னம்பிக்கை முனை, திருகோணமலை நான்குமே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கையில் இருந்தன. கோணேசர் கோயிலை இடித்த கற்களால் போர்த்துக்கேயர் கட்டிய நம் கோட்டையில் அப்போது பறந்தது, குபாங்கில் மேரி பார்த்த அதே கொடி. நான்கு வருடம் கழித்து, 1795 ஆகஸ்டில், ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தார்கள். மேரியின் கதையில் வரும் கப்பல்கள் எல்லாம் அந்த இரண்டு வல்லரசுகளுடையவை. சுவாமி மலையில் நின்று கடலைப் பார்க்கும்போது இந்தப் பாதைகளெல்லாம் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன.

எப்படிப் பிடிபட்டார்கள்?

கப்பல் உடைந்து தப்பியவர்கள் என்று குபாங்கில் சொன்னார்கள். ஆளுநர் வான்யொன் நம்பி, உணவும் உடையும் கொடுத்தார். இரண்டு ஆண்டுக்கு முன்னால் பவுண்டி என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவர் பிளை, அதில் கலகம் செய்தவர்கள் இறக்கிவிட்ட சிறு வள்ளத்தில் அதே துறைக்கு வந்து சேர்ந்திருந்ததால், இந்தக் கதையும் நம்பத்தக்கதாக இருந்தது. சில வாரம் நிம்மதியாக வேலை செய்து வாழ்ந்தார்கள். பிறகு உண்மை வெளியே வந்தது. மனைவியோடு சண்டை போட்ட வில்லியம் தானே போய்ச் சொல்லிவிட்டார் என்கிறது மார்ட்டினின் குறிப்பு. அந்தக் கலகக்காரரைத் தேடிப் போய்த் தன் கப்பலையே பாறையில் இழந்த எட்வர்ட் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலக் கடற்படைக் கப்பல் தலைவர் செப்டம்பரில் குபாங் வந்தார். இவர்களையும் விலங்கிட்டு ஏற்றிக்கொண்டார்.

பிள்ளைகள்?

பத்தேவியா அப்போது காய்ச்சலுக்குப் பெயர்போன ஊர். 1791 டிசம்பர் 1இல் இமானுவேல் இறந்தான். அதே மாதம் 22இல் வில்லியம். மற்ற ஏழு ஆண்களில் மூன்று பேரும் வழியில் இறந்துபோனார்கள். நன்னம்பிக்கை முனையில் மேரியையும் சார்லட்டையும் கோர்கன் என்ற கப்பலுக்கு மாற்றினார்கள். அதில் சிட்னியில் சேவை முடித்துத் திரும்பும் படைவீரர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வொட்கின் டெஞ்ச். ஐந்து வருடம் முன்னால் மேரியோடு அதே சார்லட் கப்பலில் போனவர். மேரி எப்போதும் நல்ல நடத்தை உள்ளவராக இருந்தார் என்றும், இவர்களைப் பார்க்கும்போது இரக்கமும் வியப்பும் தோன்றின என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

1792 மே மாதத் தொடக்கத்தில், கப்பல் வடக்கே போய்க்கொண்டிருந்தபோது, சார்லட் இறந்தாள். கடலில் பிறந்த பிள்ளையைக் கடலிலேயே விட்டார்கள். ஐந்து வயதுகூட நிரம்பவில்லை.

பிறகு தூக்கில் போட்டார்களா?

இல்லை. இலண்டன் நீதிமன்றம் பழைய தண்டனை முடியும்வரை சிறையில் இருக்கச் சொன்னது. எஞ்சியவர்கள் மேரியோடு சேர்த்து ஐந்து பேர். பத்திரிகைகளில் செய்தி வந்து ஊரே பேசியது. வழக்கறிஞரும் எழுத்தாளருமான ஜேம்ஸ் பொஸ்வெல் அமைச்சர்களுக்கு எழுதி, அலைந்து, விடுதலை வாங்கிக் கொடுத்தார். மேரிக்கு 1793 மே 2இல் மன்னிப்புக் கிடைத்தது.

தேதியைக் கவனியுங்கள். 1786 மார்ச்சில் விதித்த ஏழு ஆண்டு 1793 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. மன்னிப்பு என்று பெயர் வைத்துக் கொடுத்தது, ஏற்கனவே அவருக்குச் சொந்தமான விடுதலையை. பொஸ்வெல்லின் நல்ல மனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. இலண்டனில் வீட்டு வேலை செய்த மேரியின் சகோதரி டாலியோடு அவரைச் சேர்த்து வைத்தார். அக்டோபரில் ஊருக்குக் கப்பல் ஏற்றிவிட்டார். ஆண்டுக்கு 10 பவுண் உதவித்தொகையும் கொடுத்தார். 1794 நவம்பர் வரை அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததற்குக் கடிதம் இருக்கிறது. 1795இல் பொஸ்வெல் இறந்தார். அதோடு மேரியின் தடமும் காகிதத்திலிருந்து மறைகிறது.

திருடிய தொப்பிக்குப் பதிவு இருக்கிறது. அவருடைய சாவுக்கு இல்லை. நம் ஊரின் பழைய ஆங்கிலேயர் கல்லறையில் ஜேன் ஒஸ்டின் என்ற நாவலாசிரியையின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின் அடக்கமாகியிருக்கிறார். 1852இல் பர்மாவில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து கல்லில் பெயர் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு மேரியின் ஞாபகம் வருகிறது.

ஏன் அவரை ‘அவர்’ என்று எழுதுகிறீர்கள்? திருடிதானே?

முதல் வரைவில் நானும் ‘அவள்’ என்றுதான் எழுதியிருந்தேன். திருப்பிப் படித்தபோது பொஸ்வெல்லுக்கு, ஆளுநருக்கு, மீனை ஒளித்து விற்ற வில்லியமுக்குக்கூட ‘அவர்’ தானாக வந்திருந்தது. மேரிக்கு மட்டும் வரவில்லை. எல்லாவற்றையும் திருத்தினேன்.

அவரே ஏதாவது எழுதினாரா?

அவருக்கு எழுதத் தெரியாது. கையெழுத்துக்குப் பதிலாகக் குறிதான் போட்டார்.

இப்படி வேறு பெண்களும் போனார்களா?

1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 பேரை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஏறத்தாழ 25,000 பேர் பெண்கள். மேரி வேட் என்பவர் தீர்ப்பு வந்தபோது பதினொரு வயதுச் சிறுமி. மேரி ரீபி பதின்மூன்று வயதில், ஆண் வேடத்தில், குதிரை திருடிப் பிடிபட்டவர். பிறகு சிட்னியில் கப்பல் வைத்து வியாபாரம் செய்த பெரும் பணக்காரர். அவுஸ்திரேலியாவின் 20 டொலர் தாளில் இருப்பது அவர் முகம்.

நம் பிள்ளைகளும் படகில் அவுஸ்திரேலியா போனார்களே. இதோடு அதை ஒப்பிடலாமா?

கவனமாக ஒப்பிடுங்கள். மேரி அங்கிருந்து தப்பியவர், நம்மவர்கள் அங்கே தஞ்சம் தேடிப் போனவர்கள். தஞ்சம் கேட்பது குற்றமே அல்ல. ஆனால் 2013 ஜூலைக்குப் பிறகு படகில் போனவர்களை அந்த நாடு நவுரு தீவுக்கும் மானுஸ் தீவுக்கும் அனுப்பியது. கைதிகளால் கட்டப்பட்ட நாடு, கடல் வழியாக வந்தவர்களை இன்னொரு தீவில் கொண்டுபோய் வைத்தது என்பதைப் படிக்கும்போது மனம் ஆறவில்லை.

மேரி தொட்ட பொருள் ஏதாவது இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது, ஒரு பிடி காய்ந்த இலை. சிட்னிக் கைதிகள் தேயிலைக்குப் பதிலாகக் கொதிக்க வைத்துக் குடித்த இனிப்பான காட்டுக்கொடி இலை அது. மேரி அதைப் பொஸ்வெல்லிடம் கொடுத்தார். அவர் தாளில் சுற்றி, என்ன இலை என்று மேலே எழுதி வைத்தார். உடுபுடவையைக் கடலில் வீசிய வள்ளம், குபாங், பத்தேவியா, இரண்டு பிள்ளைகளின் சாவு, இலண்டன் சிறை என்று இத்தனையையும் தாண்டி அந்த இலை வந்து சேர்ந்திருக்கிறது. பொஸ்வெல்லின் காகிதங்களோடு பெரும்பகுதி அமெரிக்காவில் இருக்கிறது. சில இலைகள் மட்டும் சிட்னி நூலகத்துக்குத் திரும்பிப் போயிருக்கின்றன.